இருபத்திரண்டாம் பாத்தி

ஆறு நெடுக்கு, ஐந்து குறுக்கு.
வாலிநோக்கத்து உப்பளத்தின் தென்கோடியில்
முப்பது பாத்திகள்.
புது ஆட்கள் வருகிறார்கள், ஹசீனா,
எதற்குப் பின் எதை வாருவது
ஒரே தாளில் கொடு என்றார் அருளப்பன் சார்.
அந்த ஒரு தாளுக்கு இரண்டு இரவு போயிற்று.

பாத்திக்கு ஒரு வட்டம் போட்டேன்.
இதை வாரிய பிறகுதான் அதை என்றால்
இதிலிருந்து அதற்கு ஓர் அம்பு.
பம்ப்செட் வாசலில் நின்று
போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டதில்
நாற்பத்தேழு அம்புகள்.

அப்புறம் சுலபம்.
எந்த அம்பும் தைக்காத வட்டத்தைத் தேடு.
தாளில் எழுது. படத்தில் அழி.
அது எய்த அம்புகளையும் அழி.
அழித்த கணமே இன்னொரு வட்டம்
காயம் ஆறி எழுந்து நிற்கும்.
அதை எழுது.

ஒன்று, ஏழு, இரண்டு, பதிமூன்று என்று
பத்தொன்பது வரை இறங்கியது.
பிறகு நின்றுவிட்டது.
மிச்சம் பதினொரு வட்டங்கள்,
ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அம்பு.

இருபத்தெட்டைப் பிடித்தேன்.
உன்னைத் தைத்தது யார்? இருபத்திரண்டு.
அதை? பதினாறு.
அதை? பதினைந்து.
அதை? இருபத்தொன்று.
அதை?
இருபத்திரண்டு.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
நான்கு பாத்திகள்
ஒன்றையொன்று பார்த்து
நீ முதலில் போ, நீ முதலில் போ என்கின்றன.
இப்படி ஒரு வரிசை உலகத்தில் கிடையாது.
ஆனால் தினமும்
அந்த நான்கிலிருந்தும் உப்பு வருகிறது.
அம்பாரத்தில் என் கண்ணால் பார்க்கிறேன்.

எந்த அம்பு பொய்?
இருபத்தொன்றைத் திறந்தால் வரப்பு இளகிவிடும்,
இருபத்திரண்டின் உப்பு அந்த வரப்பில்தான் வரவேண்டும். சரி.
பதினைந்தின் நஞ்சோடை இருபத்தொன்றின் வழியே இறங்கும்,
அதற்குள் இருபத்தொன்று காலியாக வேண்டும். சரி.
பதினைந்துக்கும் பதினாறுக்கும் ஒரே மடை,
ஊறிப்போன பலகை இந்தப் பக்கம் எடுத்தால்தான்
அந்தப் பக்கம் அசையும். சரி.
பதினாறுக்குப் பின்தான் இருபத்திரண்டு:
பக்கத்தில் என் கையெழுத்தில்
'பஞ்சவர்ணம் சொன்னது'.
காரணம் எழுதவில்லை.

விடியாத நாலரைக்குப் போனேன்.
நெற்றியில் விளக்குக் கட்டி வாரிக்கொண்டிருந்தாள்,
நிமிரவே இல்லை.
"பதினாறுலதான் டவர் எடுக்கும்.
ஆறரைக்குத் தம்மாம்ல இருந்து போன் வரும்.
இருபத்திரண்டுக்குள்ள நின்னா ஒரு புள்ளிகூட வராது."

அவ்வளவுதான் அந்த அம்பு.
அழிக்க விரல் எழுந்தது.
அப்போதுதான் அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தேன்.
"இது இருபத்திரண்டுதானே?"
"ஆமா."
"பதினாறு இன்னும் வாரலையே?"

"இத முழுசா எங்க வாருறோம்?
நடுவுல சேத்தை மிதிச்சு ஒரு வரப்பு.
இந்தப் பாதி இப்ப.
போன் பேசிட்டு அந்தப் பாதி,
அது கிழக்க ரோட்டு வழியா ஏறிரும்.
ஏன், உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.
நானும் எத்தனை பாத்தி என்று
யாரையும் கேட்கவில்லை.
பதிவேடு சொன்னது முப்பது,
நான் முப்பது வட்டம் போட்டேன்.

அன்று காலை ஒரு வட்டத்தைக் கீறினேன்.
22-அ, பிறகு இருபத்தொன்று,
பிறகு பதினைந்து, பதினாறு,
பிறகு 22-ஆ.
மடைப்பலகை எடுத்த மாதிரி
மீதி எல்லாம் தானாக இறங்கின.
நாற்பத்தேழில் ஒன்றும் சாகவில்லை.

அருளப்பன் சார் தாளை எண்ணினார்.
"முப்பத்தொன்னு வருதே?"
ஆமாம் சார் என்றேன்.

பதினாறுக்கும் 22-ஆவுக்கும் நடுவில்
ஒரு வரி காலியாக இருக்கும்.
அச்சு விட்டுப்போனது என்று
நினைத்துக்கொள்ளட்டும்.